விருப்பமும் வினாவும்: வளரிளம் பருவத்தினர்க்கான கல்வி – பெங்களூரு தரும் பாடங்கள்

நமது நாட்டில் தொடக்கக் கல்வி அடைந்துள்ள முன்னேற்றம் குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் இன்று பள்ளியின் வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிடுகின்றனர். ஆனால் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் இறுதிவரை தங்கியிருப்பதில்லை. 2021-22ஆம் ஆண்டுக்கான அரசுப் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரங்களின்படி, படிப்பை இடையில் நிறுத்துவோர் தொடக்க நிலையில் 100க்கு 1.5 பேர், உயர் தொடக்க நிலையில் 3 பேர், 9, 10ஆம் வகுப்புகளைக் கொண்ட இடைநிலையிலோ 12.6 பேர். பின்வந்த ஆண்டுகளில் இவ்விகிதம் குறைந்து வந்துள்ளபோதிலும், 13, 14 வயதைத் தாண்டியதும் ஒரு செங்குத்துச் சரிவு உள்ளது என்பது கண்கூடு.

வறுமை, குடும்பப் பொறுப்பு, இளவயதுத் திருமணம், பள்ளியின் தொலைவு ஆகியன இதற்குரிய காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இவை யாவும் உண்மையே. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். தான் கற்கும் பாடத்துக்கும் தன் வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்ற வினா வளரிளம் பருவத்தில்தான் மாணவரின் உள்ளத்தில் வலிமை பெறுகிறது. அதற்கு விடை கிடைக்காதபோது சிலர் பள்ளியை விட்டு நீங்குகின்றனர். வேறு பலர் வகுப்பில் அமர்ந்திருந்தபடியே கல்வியை விட்டு நீங்கிவிடுகின்றனர். முதல் வகையினரைப் புள்ளிவிவரம் கணக்கிடுகிறது; இரண்டாம் வகையினரை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

மாணவரின் ஆர்வத்தை அடித்தளமாகக் கொண்டு, அவரவர் வேகத்திற்கும் இயல்பிற்கும் ஏற்பக் கற்பிக்கும் முறை இக்குறையைப் போக்குமா? போக்குமெனின், அது சில சிறிய தனியார் பள்ளிகளுக்கு மட்டுமே உரியதா, அல்லது 40, 50 மாணவர் அமர்ந்துள்ள அரசு உயர்நிலைப் பள்ளி வகுப்பிலும் இயலுமா? பெங்களூருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தின் வேர்கள்

மாணவரை மையமாகக் கொண்ட கல்வி அண்மையில் மேலைநாட்டிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட சரக்கன்று. தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் தொடங்கிய பள்ளியும், 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்து ஜாகிர் உசேன் குழுவினர் வகுத்தளித்த ஆதாரக் கல்வியும் இத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடிகளே. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்கால ஆண்டுகளை இந்தியாவில் கழித்து, ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். வளரிளம் பருவத்தினர் ஏட்டுப் படிப்போடு நில்லாமல், நிலத்தோடும் உழைப்போடும் சமூகத்தோடும் தொடர்பு கொண்டு கற்க வேண்டும் என்பது அவருடைய கருத்து.

அமெரிக்காவில் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தம் சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அவர் வழிவந்த கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கினார். இக்காலத்தில், 1996இல் அந்நாட்டின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கப்பட்ட மெட் பள்ளி, வளரிளம் பருவத்தினரின் ஆர்வத்தையே பாடத்திட்டத்தின் அச்சாகக் கொண்டது. அங்கே ஏறத்தாழ 15 மாணவருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் உள்ளார். மாணவர் வாரத்தில் இரு நாள்கள் தாம் விரும்பிய துறையில் பணிபுரிவோரிடம் சென்று கற்கின்றனர். கற்றதைப் பலர் முன்னிலையில் எடுத்துரைத்து மதிப்பீடு பெறுகின்றனர்.

நீல்பாக் முதல் நலி-கலி வரை

இக்கருத்தின் இந்திய வரலாற்றில் கர்நாடகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயரான டேவிட் ஹார்ஸ்பரோ, ரிஷிவேலிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் பிரிட்டிஷ் கவுன்சிலில் சேர்ந்து சென்னையிலும் பெங்களூருவிலும் பணிபுரிந்தார். 1972இல் கோலார் மாவட்டத்தில் ஏழு ஏக்கர் நிலத்தில் 'நீல்பாக்' என்னும் சிறு பள்ளியை நிறுவினார். சுற்றியிருந்த சிற்றூர்களின் குழந்தைகள் அங்கே பயின்றனர். ஆங்கிலம், கணிதம், தெலுங்கு, வடமொழி ஆகிய பாடங்களோடு தச்சு வேலை, தையல், கட்டட வேலை, தோட்டக்கலை, இசை ஆகியவையும் பாடங்களாக இருந்தன. வெவ்வேறு வயதினர் ஒன்றாக அமர்ந்து, அவரவர் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சென்றனர். தண்டனையில்லை; போட்டித் தேர்வில்லை.

நீல்பாக் ஆசிரியர்களையும் உருவாக்கியது. அங்குப் பயிற்சி பெற்றவர்கள் பிற இடங்களில் பள்ளிகளைத் தொடங்கினர். பெங்களூருவின் விகாசனா அவற்றுள் ஒன்று. 1984இல் ஹார்ஸ்பரோ மறைந்தார். எனினும் அவர் விதைத்த கருத்து மறையவில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலி ஊரகக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ரமாவும், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய சிற்றூர்ப் பள்ளிகளுக்கென அட்டைகளையும் 'கற்றல் ஏணி'யையும் உருவாக்கினர். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் குழந்தையே அறிந்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

1995இல் மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பார்த்துத் திரும்பி, அம்முறையைத் தம் பள்ளிகளுக்கேற்பத் தாமே மாற்றி அமைத்தனர். 'மகிழ்ந்து கற்பாய்' எனப் பொருள்படும் 'நலி-கலி' அங்ஙனம் பிறந்தது. 2009-10 முதல் அது கர்நாடக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் கீழ் வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையும் இதே மரபின் கிளையே ஆகும்.

ஏழு ஏக்கர் நிலத்தில் நடந்த ஒரு சோதனை, நாற்பது ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் அரசுப் பள்ளிகளைச் சென்றடைந்தது. மாணவர் மையக் கல்வி ஏழைக் குழந்தைக்கு எட்டாக்கனி என்னும் வாதத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

ஏணி ஏன் பாதியில் நின்றது?

ஆயினும் இவ்வேணி ஏறத்தாழ நான்காம், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் ஒரு முயற்சி நடைபெற்றது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் மாணவர் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார். விருப்பு வெறுப்புகள் உருவாகும் வயதில், எதிர்காலம் பற்றிய கனவுகள் தோன்றும் வயதில், தெரிவு செய்யும் உரிமை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதற்குரிய காரணங்கள் நான்கு.

முதலாவது, காலப் பங்கீடு. தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் நாள் முழுவதும் ஒரே குழந்தைகளோடு இருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் 40 நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடிக்கிறது, ஆசிரியர் மாறுகிறார், பாடமும் மாறுகிறது. ஒரு வினா முளைவிடும் முன்பே வகுப்பு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, பொதுத் தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்வின் நிழல் ஒன்பதாம் வகுப்பின் மீதும், சில பள்ளிகளில் எட்டாம் வகுப்பின் மீதும் விழுகிறது. தேர்வில் கேட்கப்படாத எதுவும் காலத்தை வீணாக்குவதாகவே பெற்றோராலும் ஆசிரியராலும் கருதப்படுகிறது.

மூன்றாவது, சட்டத்தின் எல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின் வாயிலாகக் குழந்தைக்கு இணக்கமான முறையில் கற்பிக்க வேண்டுமென 29ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையினர்க்கே பொருந்தும். உதவி மிகவும் தேவைப்படும் வயதில் சட்டத்தின் கை விலகிவிடுகிறது.

நான்காவது, முன் அனுபவம். கோத்தாரிக் குழு 1966இல் பணி அனுபவத்தைப் பள்ளிக் கல்வியின் இன்றியமையாக் கூறாகப் பரிந்துரைத்தது. ஈசுவர்பாய் படேல் குழு 1977இல் சமூகப் பயனுள்ள ஆக்கப் பணியை முன்மொழிந்தது. நல்ல நோக்கங்கொண்ட இவை, வாரத்தில் ஓரிரு பாடவேளைகளாகச் சுருங்கி, பல பள்ளிகளில் மெழுகுவர்த்தியும் காகிதப் பூவும் செய்வதோடு முடிந்துவிட்டன. அறிவியல், கணிதம், மொழி ஆகிய மையப் பாடங்களிலிருந்து பிரிந்து தனித்து நின்றமையே இத்தேய்வுக்குக் காரணம். ஆர்வத்தை ஒரு தனிப் பாடவேளையாக ஒதுக்கி வைத்தால் அதுவும் இதே கதியை அடையும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

பெங்களூருவின் சிறு பள்ளிகள்

வளரிளம் பருவத்தினர்க்கு இம்முறை இயலும் என்பதைப் பெங்களூருவின் சில பள்ளிகள் காட்டி வந்துள்ளன. 1975இல் சில்வேபுராவில் ஜேன் சாஹி அம்மையார் தொடங்கிய சீதா பள்ளி, சிற்றூர்க் குழந்தைகளுக்கு ஓவியத்தின் வழியாகவும் கைவினையின் வழியாகவும் மொழியையும் பிற பாடங்களையும் பல்லாண்டுக் காலம் கற்பித்தது. கனகபுரா சாலையிலுள்ள வேலிப் பள்ளி 1978இல் தோன்றியது. 1990இல் ஆசிரியர் சிலர் கூடி நிறுவிய சென்டர் ஃபார் லேர்னிங், 1993இல் தொடங்கிய பூர்ணா கற்றல் மையம் ஆகியனவும் குறிப்பிடத்தக்கவை. மாணவர் தொகை குறைவு, ஆசிரியர்க்குரிய சுதந்திரம், பெற்றோரின் ஒத்துழைப்பு ஆகியன இத்தகைய பள்ளிகளின் வலிமையாகும்.

அரசுப் பள்ளியால் இவற்றை அப்படியே பின்பற்ற இயலாது. சிறு பள்ளி என்பது நாற்றங்கால் போன்றது. அதன் நாற்று பெருவயலில் வேரூன்றுவதற்கு வேறு பக்குவம் வேண்டும். ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்கள் ரிஷிவேலியின் அட்டைகளை அப்படியே படியெடுக்கவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் நலம்.

ஆர்வமா, பிறப்பா?

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கையை முன்வைப்பது கடமையாகும். 'அவரவர் விருப்பத்திற்கேற்ற கல்வி' என்னும் தொடர் இனிமையானது. ஆனால் அதனுள் ஓர் இடர் மறைந்திருக்கிறது. தமிழ் மக்கள் இதனை அனுபவத்தால் அறிவர். 1953இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் எனப் பெயர் பெற்று, கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. செயல்வழியே கற்பதை மக்கள் அன்று வெறுத்து எதிர்க்கவில்லை. பிறந்த வீடே பிள்ளையின் எதிர்காலத்தை வரையறுத்துவிடும் என்னும் அச்சமே அவ்வெதிர்ப்பின் வேராகும்.

இன்றும் அந்த அச்சத்திற்கு இடமுண்டு. பழுதுபார்க்கும் கடையில் மாலை வேளைகளில் வேலை செய்யும் சிறுவனிடம் 'உன் விருப்பம் யாது?' எனக் கேட்டால், 'வண்டி பழுது பார்ப்பது' என்பான். வீட்டில் தையல் எந்திரத்தைப் பார்த்து வளர்ந்த சிறுமி 'தையல்' என்பாள். பொறியாளரின் மகன் 'ஏவுகணை' என்பான். மூவரும் உண்மையே சொல்கின்றனர். ஆனால் மூவரும் தாம் கண்டதையே சொல்கின்றனர். கண்டிராத ஒன்றை எவரும் விரும்ப இயலாது. இவ்விடைகளை ஏட்டில் குறித்துக்கொண்டு, முதல்வனைத் தொழிற்பயிற்சிக்கும் மூன்றாமவனை அறிவியலுக்கும் அனுப்புவோமாயின், குலக்கல்வி புதிய ஆடை உடுத்தி வந்ததாகவே பொருள்.

ஆகவே ஆர்வவழிக் கல்விக்கு இரு நிபந்தனைகள் வேண்டும். தெரிவுக்கு முன் அறிமுகம் வேண்டும் என்பது முதல் நிபந்தனை. மாணவர் எதைத் தெரிவு செய்தாலும் அது அவரை மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவு ஆகிய பொதுக் கல்வியின் நெடுஞ்சாலைக்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்பது இரண்டாம் நிபந்தனை. ஆர்வம் பொதுக் கல்விக்குள் நுழையும் வாயிலாகுமே அன்றி, அதற்கு மாற்றாகாது.

நகரமே ஆய்வுக்கூடம்

முதல் நிபந்தனையை நிறைவேற்றப் பெங்களூரு போல் வாய்ப்பான நகரம் அரிது. ஹைதர் அலி 1760இல் அமைக்கத் தொடங்கிய லால்பாக் தாவரத் தோட்டம், 1909இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகம், கப்பன் பூங்காவையொட்டி 1962இல் திறந்து வைக்கப்பட்ட விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், 1989இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் ஆகியன பேருந்துத் தொலைவில் உள்ளன. எச். நரசிம்மய்யா 1962இல் பசவனகுடி நேஷனல் கல்லூரியில் தொடங்கிய பெங்களூரு அறிவியல் மன்றம், அறிவியல் பேச்சைப் பொதுமக்களின் உரிமையாக்கியது.

வாய்ப்பு நகரில் இருப்பது வேறு. சேரிப்பகுதி மாணவருக்கு எட்டுவது வேறு. இவ்விடைவெளியைக் குறைக்க முற்பட்டவற்றுள் 1999இல் ராம்ஜி ராகவன் முதலியோர் பெங்களூருவை மையமாகக் கொண்டு நிறுவிய அகஸ்தியா அறக்கட்டளை குறிப்பிடத்தக்கது. குப்பம் அருகே 172 ஏக்கரில் அமைந்துள்ள அதன் வளாகத்திற்குச் சிற்றூர் மாணவர்கள் வருகின்றனர். வர இயலாதோரிடம் ஊர்திகளில் ஆய்வுக்கருவிகள் செல்கின்றன. செய்முறைகளைக் கற்ற மாணவரே பிற மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடும் அங்குண்டு. பிறர்க்கு விளக்க முனையும்போதுதான் தனக்கு விளங்காதது எது என்பது விளங்கும்.

வாயில் எங்ஙனம் நெடுஞ்சாலைக்குச் செல்கிறது?

இரண்டாம் நிபந்தனையை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

மின்கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதில் விருப்பமுள்ள மாணவரிடம் ஆசிரியர் அவருடைய நகரின் வரலாற்றைக் கூறலாம். காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் 1902இல் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905 ஆகஸ்டில் பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. 'அத்தனை தொலைவு செல்லும்போது மின்சாரம் வழியிலேயே வீணாகாதா?' என்பது இயல்பாக எழும் வினா. கம்பியில் வெப்பமாக இழக்கப்படும் திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் அதே திறனை அனுப்ப மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு போதும்; இழப்பு நூற்றில் ஒரு பங்காகக் குறையும். பத்தாம் வகுப்பு இயற்பியலின் மின்னியல் பாடமும், இருமடி விகிதம் என்னும் கணிதமும், மைசூரு அரசின் தொழில் வரலாறும் இந்த ஒரு வினாவில் சந்திக்கின்றன.

மீன் வளர்ப்பிலோ பறவைகளிலோ விருப்பமுள்ள மாணவரை ஏரிக்கு அழைத்துச் செல்லலாம். ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கியும், 2017இல் தீப்பற்றியும் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. நுரை எங்கிருந்து வருகிறது? சலவைத்தூளிலுள்ள வேதிப்பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. பாஸ்பேட் ஆகாயத்தாமரையையும் பாசியையும் பெருக்குகிறது. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மடிகின்றன. அந்நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, தமிழ்நாட்டு வயல்களில் பாய்கிறது. வேதியியலில் தொடங்கிய பாடம் மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர் உரிமை என்னும் குடிமையியலில் முடிகிறது.

கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் பேசாத மாணவரையும் விட்டுவிட வேண்டியதில்லை. சின்னசாமி அரங்கின் தரைக்கடியில், மழைநீரை விரைந்து உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு 2017இல் நிறுவப்பட்டது. ஆடுகளத்தின் ஆரம் 70 மீட்டர் எனக் கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 15,400 சதுர மீட்டர். அதன்மீது 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் 154 கன மீட்டர், அதாவது 1,54,000 லிட்டர். வட்டத்தின் பரப்பும் உருளையின் கனஅளவும் சூத்திரமாக அன்றி, ஆட்டம் மீண்டும் தொடங்குமா என்னும் கவலையாக மாணவரிடம் வந்து சேர்கின்றன.

ஓர் அரசுப் பள்ளிக்கான எளிய திட்டம்

மேற்கூறியவற்றை ஒன்பதாம் வகுப்பில் நடைமுறைப்படுத்த, புதிய கட்டடமோ பெருஞ்செலவோ வேண்டுவதில்லை. வாரத்திற்கு இரு பாடவேளைகளை அடுத்தடுத்து அமையுமாறு ஒதுக்கி, 12 வாரங்களில் 24 பாடவேளைகளைப் பின்வருமாறு பங்கிடலாம்.

1. அறிமுகம் (3 வாரங்கள், 6 பாடவேளைகள்): மாணவர் இதுவரை கண்டிராத துறைகளை அவர்முன் வைத்தல். ஓர் அருங்காட்சியகம், ஓர் ஏரி, ஒரு தொழிற்கூடம் எனச் சிலவற்றைப் பார்வையிடலாம். செவிலியர், தச்சர், நில அளவையாளர், வங்கி அலுவலர் போன்றோரைப் பள்ளிக்கு அழைக்கலாம்.

2. வினா (1 வாரம், 2 பாடவேளைகள்): 40 மாணவர் ஐவர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரிதல். ஒவ்வொரு குழுவும் ஒரு வினாவைத் தெரிந்தெடுத்தல். 'மின்சாரம் பற்றி' என்பது தலைப்பு. 'எங்கள் தெருவில் மாலையில் விளக்கு மங்குவதேன்?' என்பதே வினா.

3. இணைப்பு (1 வாரம், 2 பாடவேளைகள்): அவ்வினாவுக்கு விடை காண எந்தெந்தப் பாடத்தின் எந்தெந்தப் பகுதி வேண்டும் என்பதை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பட்டியலிடுதல்.

4. செயல் (5 வாரங்கள், 10 பாடவேளைகள்): அளத்தல், கேட்டறிதல், படித்தல், செய்து பார்த்தல். ஒவ்வொரு மாணவரும் தனக்கெனப் பதிவேடு எழுதுதல்.

5. எடுத்துரைத்தல் (2 வாரங்கள், 4 பாடவேளைகள்): பெற்றோரும் பிற வகுப்பினரும் கூடிய அவையில் கண்டதை விளக்கி, அவர்களின் வினாக்களுக்கு விடையளித்தல்.

இப்பணி முழுவதும் பள்ளி நேரத்திற்குள்ளேயே நிகழ வேண்டும். மாலையில் தம்பி தங்கையரைக் கவனிக்க வேண்டிய சிறுமியும், கடைக்குச் செல்ல வேண்டிய சிறுவனும், தனியே வெளியே அனுப்பப்படாத பெண்களும் நம் பள்ளிகளில் உள்ளனர். வீட்டுப் பணியாக விட்டுவிட்டால், வசதி படைத்த வீட்டின் பெற்றோரும் அச்சுக்கடையுமே அதனைச் செய்து முடிக்கும். மேலும், பெங்களூருவில் வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதுவோ பேசி, பள்ளியில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கற்கும் பிள்ளைகள் பலர். பதிவேட்டின் முதல் படியை மனம் பேசும் மொழியில் எழுத அவர்களுக்கு இசைவளித்தால், சிந்தனை மொழித்தடையில் சிக்காது.

மதிப்பீடு

தேர்வு மாறாமல் கற்பித்தல் மாறாது என்பர். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் தேர்வு முழுவதும் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் பெரும்பாலான பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண். எஞ்சிய 20 பள்ளியின் அக மதிப்பீட்டுக்குரியது. இந்த 20 மதிப்பெண் திறந்திருக்கும் ஒரு கதவு. அதனை எல்லோர்க்கும் ஒரே அளவாக வழங்கும் சடங்காக்காமல், வினாவின் தெளிவுக்கு 4, பதிவேட்டின் நேர்மைக்கும் ஒழுங்குக்கும் 6, பாடக் கருத்தைப் பயன்படுத்தியமைக்கு 6, எடுத்துரைப்புக்கு 4 எனப் பகுத்து வழங்கலாம். முதலில் ஒன்பதாம் வகுப்பில் பழகிய பின்னர், பத்தாம் வகுப்பில் இதனைக் கையாளுதல் எளிது. முயற்சி தோல்வியுற்றாலும், ஏன் தோல்வியுற்றது என்பதை மாணவர் விளக்கினால் மதிப்பெண் குறைக்கலாகாது.

இதில் ஒரு முன்னெச்சரிக்கையும் தேவை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-10இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை விரிவாக்கிப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை விருப்பத்திற்குரியதாக்கியது. 2017-18இல் அத்தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. ஆசிரியர்க்குப் போதிய பயிற்சியும் நேரமும் அளிக்காமல் படிவங்களை மட்டும் பெருக்கினால், நல்ல சீர்திருத்தமும் எழுத்தர் வேலையாகச் சுருங்கிவிடும்.

தேர்வு முறையே நெகிழ இயலும் என்பதற்கும் நம்மிடையே சான்றுண்டு. 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என வழங்குகிறது. அங்கு மாணவர் தமக்கேற்ற பாடங்களைத் தெரிந்தெடுத்து, ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகத் தேர்ச்சி பெறலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், கலை, அறிவியல், தொழில் என்னும் கடும் பிரிவினைகள் இடைநிலையில் தளர்ந்து, மாணவர்க்குத் தெரிவு விரிய வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்பினர்க்குப் புத்தகப்பை இல்லாத 10 நாள்களைப் பரிந்துரைக்கிறது. அந்தப் பத்து நாள்கள் உல்லாசப் பயணமாகக் கழியாமல், மேலே கூறிய அறிமுகக் கட்டமாக அமைந்தால் பயன் பெருகும்.

ஆசிரியரின் நிலை

இம்முறையில் ஆசிரியரின் பணி குறைவதாகச் சிலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. எட்டுக் குழுக்களின் எட்டு வினாக்களுக்கும் விடை அறிந்த ஆசிரியர் எவரும் இலர். 'எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோம்' என வகுப்பின் முன் கூறும் துணிவும், எங்கே தேடுவது என்னும் அறிவும் அவருக்கு வேண்டும். இத்தகைய திறனை ஒரு நாள் சொற்பொழிவு தாராது. நீல்பாக்கில் பயிற்சியாளர்கள் பள்ளியிலேயே தங்கி, கற்பித்துக்கொண்டே கற்றனர். ஹெக்கடதேவனகோட்டையில் ஆசிரியர்கள் மேலிருந்து வந்த ஆணைக்காகக் காத்திராமல், தாமே பார்த்து, தாமே எழுதி, தாமே திருத்தினர். ஒரு வட்டத்தில் விருப்பமுள்ள பத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை ஒன்றுசேர்த்து, மாவட்டக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் துணையுடன் ஓராண்டுக் காலம் இம்முறையைச் சோதித்துப் பார்ப்பது நல்ல தொடக்கமாக அமையும். மாணவரின் ஆர்வத்தை மதிக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கோரும் நிர்வாகம், முதலில் ஆசிரியரின் ஆர்வத்தை மதிக்கக் கடமைப்பட்டுள்ளது.

முடிவுரை

பள்ளியை விட்டு நீங்கும் ஒவ்வொரு வளரிளம் பருவத்தினரோடும், அதுவரை அவர்மீது நாடு செலவிட்ட எட்டு, ஒன்பது ஆண்டுக்கால உழைப்பும் வெளியேறுகிறது. அவர்களை இருத்தி வைக்க உதவித்தொகையும் மிதிவண்டியும் மதிய உணவும் துணைபுரியும். அவை தொடர வேண்டும். ஆனால் அவர்கள் மனத்தை இருத்தி வைக்க, 'இது உனக்குரியது' எனக் கூறும் பாடம் ஒன்றும் வேண்டும். ஏழு ஏக்கர் நிலத்தில் தோன்றிய முறை ஏழைக் குழந்தைகளின் தொடக்கப் பள்ளியை எட்டியதைக் கண்டோம். அவ்வேணிக்கு இன்னும் சில படிகளைச் சேர்த்து, அதனை ஒன்பதாம், பத்தாம் வகுப்புவரை உயர்த்துவதே எஞ்சியுள்ள பணி. அப்பணியில் மாணவரின் விருப்பம் முதற்படியாக இருக்கட்டும். எந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் அதுவே கடைசிப் படியாகிவிடாமல் காப்பது நம் பொறுப்பு.